விருந்தினர் விலை

அழைப்புக் கடிதம் முதலில் வந்தது. பணம் பிறகு வரும் என்று அந்தக் கடிதத்திலேயே எழுதியிருந்தது. அந்தப் ‘பிறகு’ எவ்வளவு நீளம் என்று நான் பார்க்கவில்லை. சந்தோஷத்தில் இருப்பவன் சின்ன எழுத்தைப் படிப்பதில்லை.

நான் தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரில் மட்டும்தான். மே மாதம் சம்பளம் கிடையாது. ஜூனில் வேலை உண்டா இல்லையா என்று நாமே போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். வரலாறு நடத்துகிறேன். இருநூறு வருஷத்துக்கு முன்னால் இந்தப் பக்கத்தில் நெல் என்ன விலைக்குப் போனது, யார் நிலத்தை யார் குத்தகைக்கு எடுத்தார்கள் என்பதெல்லாம் என் ஆராய்ச்சி. அது சம்பந்தமான பழைய காகிதங்கள் ஐரோப்பாவில் ஒரு குளிர் நகரத்தின் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நம் ஊர் நெல் விலையைத் தெரிந்துகொள்ள நாம் அங்கே போக வேண்டும். அந்த ஊர்ப் பல்கலைக்கழகம்தான் ஒரு வருஷத்துக்கு வருகைதரு ஆய்வாளராக என்னைக் கூப்பிட்டிருந்தது. வாரத்தில் இரண்டு நாள் தமிழ் வகுப்பு, மற்ற நாட்களில் காப்பகம். செலவுக்கு ஓர் அறக்கட்டளை மாதாமாதம் உதவித்தொகை தரும். மனைவி, பிள்ளையைக் கூட்டிவந்தால் அதற்குத் தனியாகக் குடும்பப்படி உண்டு.

கடிதத்தோடு வந்த கையேட்டில் ஒரு வரியை என் மனைவி கண்டுபிடித்தாள். ஆய்வாளரின் கணவரோ மனைவியோ, இடம் இருந்தால், பல்கலைக்கழகத்தின் எந்த வகுப்பிலும் கட்டணமில்லாமல் உட்காரலாம். அவள் கணிதத்தில் முதுகலை. படிப்பில் என்னைவிடக் கெட்டிக்காரி. இதைத் தன்னடக்கத்துக்காகச் சொல்லவில்லை, எங்கள் இருவரையும் தெரிந்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முனைவர் பட்டத்துக்குச் சேர இருந்த சமயத்தில் கல்யாணம் நடந்தது. பிறகு மகள் பிறந்தாள். பிறகு ஒரு தனியார் பள்ளியில் பின்னமும் தசமமும் சொல்லிக்கொடுத்தே வருஷங்கள் ஓடிவிட்டன.

“பரீட்சை, சர்டிபிகேட் எதுவும் வேணாங்க. சும்மா உக்காந்து கேட்டாப் போதும்” என்றாள். “ஒரு வருஷம் எனக்கு யாராச்சும் சொல்லிக்குடுக்கட்டும்.”

அவள் அப்படி எதையும் கேட்டவள் இல்லை. அதனால்தான் எனக்கு அந்தப் பயணம் என் ஆராய்ச்சியைவிடப் பெரிதாகிவிட்டது. கல்வியாண்டு முடிந்ததும் பள்ளி வேலையை விட்டாள். மூன்று பாஸ்போர்ட் எடுத்தோம். மார்கழிக் குளிருக்குச் சாலையோரம் கடை போடும் ஸ்வெட்டர்காரரிடம், மகளுக்கு ஒரு ஸ்வெட்டர், ஒரு சுற்றுப் பெரிதாகவே வாங்கி வைத்திருந்தாள். இட்லிப் பானை கொண்டுபோவதா, குக்கர் போதுமா என்று தினமும் ஒரு விவாதம் நடந்தது. பல்கலைக்கழக இணையதளத்தில் கணிதத் துறைப் பாடங்களைப் பார்த்துவிட்டு, “செவ்வாக்கெழம காலைல ஒண்ணு இருக்கு, நீங்க பாப்பாவப் பாத்துக்கணும்” என்று இங்கேயே எனக்கு நேர அட்டவணை போட்டுக்கொடுத்தாள்.

அதற்கப்புறம்தான் அந்தப் ‘பிறகு’ விளங்கியது. விசாவுக்கு, சில மாதச் செலவுக்கான பணம் வங்கிக் கணக்கில் இருப்பதைக் காட்ட வேண்டும். விமான டிக்கெட்டை நாமே வாங்கிவிட்டு, அங்கே போய் ரசீது கொடுத்தால் திருப்பித் தருவார்கள். மாதத் தொகை, அந்த ஊரில் முகவரியைப் பதிவு செய்த பிறகே தொடங்கும். முகவரிக்கு வீடு வேண்டும். வீட்டுக்கு மூன்று மாத வாடகை முன்பணம் வேண்டும். ஏழை நாட்டு வாத்தியாருக்கு உதவுவதற்காக ஏற்பட்ட திட்டம், அவன் முதலில் ஏழை இல்லை என்று நிரூபிக்கச் சொன்னது. வங்கிக்குப் போனேன். மேலாளர் மரியாதையாக உட்காரவைத்து, “மே மாசம் சம்பளம் வராதுன்னா தவணைய எப்படி சார் கட்டுவீங்க?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். எழுந்து வந்துவிட்டேன்.

வழி சொன்னது என் மச்சான். மனைவியின் அண்ணன். ஒரத்தநாட்டுக்குத் தெற்கே கொஞ்சம் நெல்லும் கொஞ்சம் தென்னையுமாக விவசாயம் செய்பவர்.

“இதுக்கு எதுக்கு மாப்ள பேங்க்ல போய் நிக்கிறீங்க? ஆடியில விருந்து வச்சிருவோம். நான் இத்தன வருஷமா எல்லாருக்கும் போட்டுக்கிட்டேதான் இருக்கேன். நம்ம மொற இன்னும் வைக்கல.”

அவர் சொன்னது மொய் விருந்து. நான் திருத்துறைப்பூண்டிக்காரன். எங்கள் பக்கம் கல்யாணம், காதுகுத்து என்றால்தான் மொய். அங்கே அப்படியில்லை, பணம் வேண்டும் என்பதே விருந்துக்குக் காரணம். பத்திரிகை அடித்து, பந்தல் போட்டு, கிடா வெட்டிக் கறிச்சோறு போடுவார்கள். வருகிறவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதுவார்கள். முன்பு நாம் யாருக்குப் போட்டோமோ அவர்கள் அதைத் திருப்பிப் போடுவார்கள், மேலே கொஞ்சம் புதிதாகவும் போடுவார்கள். அந்தப் புது மொய்யை அவர்கள் விருந்து வைக்கும்போது நாம் திருப்ப வேண்டும். ஒரு வீட்டுக்கு ஐந்தாறு வருஷத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். பத்திரம் கிடையாது, வட்டி கிடையாது, சாட்சி ஊர்தான். மச்சான் தன் முறையை ஆழ்குழாய்க் கிணற்றுக்காக வைத்திருந்தார். அதைத் தங்கைக்காக விட்டுக்கொடுத்தார்.

ஆடி மாதத்தில் விருந்து நடந்தது. வாசலில் மச்சானும் நானும் கைகூப்பி நின்றோம். ஒலிபெருக்கியில் பெயரும் தொகையும் வாசித்துக்கொண்டே இருந்தார்கள். கறி வாசனையும் பன்னீர் வாசனையும் கலந்து எனக்குத் தலை சுற்றியது. சாப்பிட்டுவிட்டு வந்த பெரியவர் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “குடும்பத்தோட போறீங்களாமே. திரும்பி வந்துருவீங்கல்ல தம்பி?” என்று சிரித்துக்கொண்டே கேட்டார். பக்கத்து ஊர் ஆள் ஒருவர் விருந்து வைத்துவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு சிங்கப்பூர் போய் அப்படியே கம்பி நீட்டிவிட்டாராம். அவருடைய மாமன் இன்னும் ஒவ்வொரு பந்தலாகப் போய்ப் போட்டுக்கொண்டிருக்கிறாராம். நானும் சிரித்தேன். “ஒரே வருஷம்தாங்க” என்றேன்.

பணம் போதுமான அளவு சேர்ந்தது. வங்கியில் கட்டினோம். அறக்கட்டளைக்குக் கணக்கு விவரம் அனுப்பினேன். அங்கே எங்கள் விஷயங்களைப் பார்த்துக்கொண்ட அம்மாள், நல்ல மனுஷி, ஒரு மின்னஞ்சலில் கேட்டார்: இந்தத் தொகை ஒரே நாளில் வந்திருக்கிறதே, எங்கிருந்து என்று தெரிந்துகொள்ளலாமா?

சொந்தக்காரர்கள் கொடுத்தது என்று ஒரு வரி எழுதியிருந்தால் போதும். நான் வரலாற்று வாத்தியார் அல்லவா? வெள்ளைக்காரர் ஒருவர் நம் ஊர்ப் பழக்கத்தைப் பற்றிக் கேட்டுவிட்டார் என்றதும் எனக்கு உள்ளே ஏதோ குதித்தது. இரண்டு பக்கம் எழுதினேன். எழுத்தில்லாத நம்பிக்கை, ஒருவர் தேவையை ஊரே சுமப்பது, வட்டி என்ற சொல்லே இல்லாத பொருளாதாரம் என்றெல்லாம் சோடித்தேன். எங்கள் பகுதியில் யாரும் தனியாக விடப்படுவதில்லை என்று முடித்தேன். அனுப்பிவிட்டு ஒரு தரம் வாசித்து நானே ரசித்தேன்.

பதில் வந்தது. மனதைத் தொட்டது என்று எழுதியிருந்தார். தன் சக ஊழியர்களுக்கும் வாசித்துக் காட்டினாராம். அதற்குக் கீழே, வேறு வழியில் ஆதரவு கிடைக்கும் குடும்பங்களுக்குக் குடும்பப்படி கிடையாது என்பது விதி, எனவே உங்களுக்கான உதவித்தொகையை மட்டும் உறுதிசெய்கிறோம் என்று இருந்தது.

பதறிப்போய் எழுதினேன். அம்மா, இது திருப்பித் தர வேண்டிய பணம். அப்படியானால் கடனா, ஒப்பந்தம் ஏதும் உண்டா என்று கேட்டார். ஒப்பந்தம் இல்லை. எப்போது திருப்புவீர்கள்? அவர்கள் விருந்து வைக்கும்போது. எவ்வளவு? கொடுத்ததற்கு மேல். திருப்பாவிட்டால் வழக்குப் போடுவார்களா? மாட்டார்கள். நான் எழுத எழுத அது இன்னும் அன்பளிப்பு மாதிரியே தோன்றியது. போதாததற்கு, கடன் என்று சாதித்தால் கடன் வாங்கிய பணத்தை விசாவுக்குக் காட்ட முடியாதாம். கடன் என்றால் நானே போக முடியாது, அன்பளிப்பு என்றால் குடும்பப்படி இல்லாமல் அவள் வர முடியாது. இரண்டு பக்கமும் வசமாக மாட்டிக்கொண்டேன்.

மனைவியிடம் சொன்னபோது அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைவதை நிறுத்தவில்லை.

“ரெண்டு பக்கமா எழுதுனீங்க?” என்றாள்.

“ஆமா.”

“கறிச்சோறு போட்டதையும் எழுதுனீங்களா?”

எழுதியிருந்தேன். அவள் சிரித்தாள் என்றுதான் நினைத்தேன். தண்ணீரை வடித்துவிட்டு, “நீங்க மொதல்ல போங்க. நேர்ல போய் எடுத்துச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க. நாங்க பின்னாடி வரோம்” என்றாள். மகளின் ஸ்வெட்டரை என் பெட்டியில் வைக்கலாமா, தாங்களே கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். நீங்களே கொண்டுவாருங்கள் என்று சொன்னேன்.

அந்த நகரத்தில் எனக்கு ஒரு மாடியறை கிடைத்தது. கூரை சரிவாக இருந்ததால் கட்டிலின் ஒரு பக்கத்தில்தான் நிமிர்ந்து நிற்கலாம். உதவித்தொகையில் பாதிக்கு மேல் வாடகையும் காப்பீடும் விழுங்கிவிடும். ஹீட்டருக்குத் தனிக் கட்டணம். நான் அதைக் காலையில் கொஞ்ச நேரம் போடுவேன். பல்கலைக்கழக உணவு விடுதியில் ஒரே சாப்பாட்டுக்கு மூன்று விலை எழுதியிருந்தார்கள். மாணவருக்கு ஒன்று, ஊழியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று. மாணவர் விலைதான் குறைவு, விருந்தினர் விலைதான் எல்லாவற்றையும்விட அதிகம். என் அட்டையைப் பார்த்துவிட்டு விருந்தினர் என்றார்கள். எனக்கு அதில் ஆச்சரியம் வரவில்லை. எங்கள் மச்சான் ஊரிலும் விருந்தாளி காசு கொடுத்துத்தான் சாப்பிடுகிறான். ஆனால் அங்கே கறியாவது போட்டார்கள். இரண்டாம் நாளிலிருந்து ஆசியக் கடையில் அரிசி வாங்கி, ஒரு வேளைக்கு வடித்து மூன்று வேளையும் சாப்பிட்டேன்.

அறக்கட்டளை அம்மாளை நேரில் பார்த்தேன். தேநீர் கொடுத்தார். நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். உண்மையிலேயே வருத்தப்பட்டார். விதியை மாற்றக் குழு கூட வேண்டும், அது அடுத்த வருஷம்தான் என்றார். பிறகு, இந்தப் பழக்கத்தைப் பற்றி நீங்கள் ஓர் உரை நிகழ்த்தினால் எல்லாருக்கும் புரியுமே என்றார். நிகழ்த்தினேன். நல்ல கூட்டம். இந்த முறை சோடிக்காமல், வாங்கியவன் எப்படித் திருப்ப வேண்டும், திருப்பாவிட்டால் யார் முகம் கெடும் என்றும் சேர்த்துச் சொன்னேன். கைதட்டினார்கள். விருந்தினர் உரைக்குச் சன்மானம் கிடையாது என்று பிறகு தெரிந்தது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மனைவி வீடியோவில் கூப்பிடுவாள். முதலில், “கேட்டீங்களா?” என்பாள். கேட்டேன், பார்க்கிறார்கள் என்பேன். சில வாரங்களுக்குப் பிறகு, “கணக்கு டிபார்ட்மென்ட் எந்தக் கட்டடத்துல இருக்கு?” என்றாள். ஒரு நாள் அந்தப் பக்கமாகப் போய்க் கண்ணாடிக் கதவு வழியாக வகுப்பறையைக் காட்டினேன். பெஞ்சுகள் படிப்படியாக ஏறிப்போயின. பலகையில் யாரோ எழுதி வைத்திருந்ததைக் கிட்டே காட்டச் சொன்னாள். கைபேசியைக் கண்ணாடியில் ஒட்டிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் ரொம்ப நேரம் பார்த்தாள். “இது எனக்குத் தெரியும்” என்றாள். அன்றைக்கு எனக்கு அழுகை வந்தது. தெருவில் நின்று அழுதால் அந்தக் குளிரில் கண் எரிகிறது.

அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கேட்கவில்லை. பள்ளியில் அவள் இடத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார். வீட்டில் டியூஷன் எடுத்தாள். ஆடி பிறந்ததும் பத்திரிகைகள் வரத் தொடங்கின. நமக்குப் போட்டவர்கள் ஒவ்வொருவராக விருந்து வைத்தார்கள். மச்சான் தனக்கு வந்ததற்குப் போவார், எங்கள் பேருக்கு வந்ததற்கு அவள் போவாள். ஒரு பந்தலில் ஒலிபெருக்கிக்காரர் என் பெயருக்கு முன்னால் ‘வெளிநாட்டுப் பேராசிரியர்’ என்று சேர்த்து வாசித்துவிட்டார். அவ்வளவுதான். வெளிநாட்டில் சம்பாதிக்கிறவன் போட்டது இவ்வளவுதானா என்று பேச்சு வந்தது. அடுத்த பந்தலிலிருந்து அவள் கூடுதலாகப் போட்டாள். நான் மதியச் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். என்னை அங்கே வாழவைக்கக் கொடுத்த பணம், ஒரு பகுதி வீட்டுக்காரருக்கும் மறுபகுதி ஒரத்தநாட்டுப் பந்தல்களுக்கும் போய்ச் சேர்ந்தது. நடுவில் நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன்.

வருஷம் முடிவதற்குள் அந்த அம்மாள் என்னைத் தன் அறைக்கு அழைத்தார். முகமெல்லாம் சிரிப்பு. குழு கூடியதாம். என் உரையைக் கேட்டவர்கள் பேசினார்களாம். இப்படிப்பட்ட பணத்தை ஆதரவாகக் கருதக்கூடாது என்று விதியைத் திருத்திவிட்டார்களாம். என் ஆய்வையும் இன்னொரு வருஷம் நீட்டித்திருக்கிறார்கள். முழுக் குடும்பப்படியோடு. “உங்கள் மனைவி வரலாம்” என்றார். அவர் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். ஒருவருக்கு ஒருமுறைதான் நீட்டிப்பு, அதற்கு மேல் கிடையாது என்றும் அவர் சொன்னார். அது அப்போது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை.

இதைப் போனில் சொல்லக்கூடாது என்று வைத்திருந்து, ஊருக்கு வந்த அன்றைக்கே சொன்னேன். இன்னும் ஆடி முடியவில்லை. அலமாரிக்கு மேல் பத்திரிகைகள் கிடந்தன. அவள் பார்வை அங்கேதான் போனது.

“நானும் வந்துட்டா இங்க யாருங்க போடுறது?” என்றாள்.

“பணத்த அனுப்புவோம். மச்சான் போடட்டும்.”

“அவன் போடுவான். ஒவ்வொரு பந்தல்லயும் அவன்கிட்ட என்ன கேப்பாங்க? தங்கச்சியும் போயிட்டாளாமே, திரும்புவாளான்னு கேப்பாங்க. அந்த சிங்கப்பூர்க்காரர் மாமன அவனுக்குத் தெரியும். தெனம் பாக்குறான்.”

எல்லாருக்கும் இப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டுக் கிளம்பலாம் என்று சொன்னேன். அவ்வளவு பணம் கையில் இல்லை. இருந்திருந்தாலும் முடியாது என்று மச்சான் வந்து சொன்னார்.

“விருந்து வைக்காதவன் வீட்டுக்குப் போய்ப் பணத்த நீட்டுனா, இனிமே உன் ஒறவே வேணாம்னு சொன்ன மாதிரி மாப்ள. எவனும் வாங்க மாட்டான்.” பிறகு தங்கையைப் பார்த்து, “நீ போத்தா. நான் பாத்துக்குறேன்” என்றார்.

அவர் அதை மனதாரச் சொன்னார். அதனால்தான் அவள் போக மாட்டாள் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கல்லூரியில் என் இடத்தையும் வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். மொய்யைத் திருப்ப உதவித்தொகை வேண்டும். உதவித்தொகைக்கு நான் போக வேண்டும். நான் போனால் இங்கே நிற்க ஒருத்தர் வேண்டும். அவளை அழைத்துப்போவதற்காக வாங்கிய பணம்தான் அவளைப் போக விடாமல் பிடித்துக்கொண்டது. இதை யாரிடம் போய்ச் சொல்லி நியாயம் கேட்பது? எல்லாரும் நல்லவர்களாகவே இருந்தார்கள்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு விருந்துக்கு மூன்று பேருமாகப் போனோம். மொய் எழுதிவிட்டுப் பந்திக்காக நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். ஒலிபெருக்கியில் வெளிநாட்டுப் பேராசிரியரின் பெயரை வாசித்தார்கள். மகள் தன் ஸ்வெட்டரை மச்சான் பேத்திக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். தனக்கு அது கை எட்டவில்லையாம்.

மனைவி எதையோ மனசுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்குக் காகிதம் தேவைப்படாது.

“நமக்குப் போட்டவங்கள்ல கடைசியா வைக்கிறவங்க இன்னும் அஞ்சு வருஷம் கழிச்சு வைப்பாங்க” என்றாள். “அதோட முடிச்சுக்கலாம். அப்ப பாப்பா எட்டாவது படிப்பா. எனக்கு நாப்பத்திரெண்டு.”

நான் பந்தியில் இலை எடுப்பதைப் பார்த்தேன்.

“ஏங்க, அங்க கிளாஸ்ல உக்கார்றதுக்கு வயசு வரம்பு ஏதாச்சும் போட்டிருக்கா?”

“இல்ல” என்றேன். “வயசெல்லாம் பாக்குறதில்ல.”

அது உண்மைதான். வயதுக்கு அங்கே வரம்பு இல்லை. என் அழைப்புக்குத்தான் வரம்பு இருக்கிறது; இந்த ஒரு வருஷத்தோடு அது முடிகிறது. அந்த இரைச்சலில் அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் சரி என்பதுபோலத் தலையாட்டினாள். அடுத்த பந்திக்குக் கூப்பிட்டார்கள். எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு சாப்பிடப் போனாள்.